பழியும் நீதியும்: தாத்ரி வழக்கு எழுப்பும் அறவினா

முன்னுரை

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனை 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரால் கட்டப்பெற்று அரசருக்கு அளிக்கப்பெற்றது. அரசர்தம் பட்டமேற்பு மண்டபமும், இராமாயணக் காட்சிகள் தீட்டப்பெற்ற பள்ளியறையும் அதனுள் உள்ளன. மனைவியின் கற்பு உலகறியச் சோதிக்கப்பட்ட கதை அது. அவ்வரச மரபின் ஆட்சியில் 1905ஆம் ஆண்டு குறியேடத்துத் தாத்ரி என்னும் நம்பூதிரிப் பெண் மற்றொரு சோதனைக்கு உட்படுத்தப்பட்டாள். மணஉறவில் நேர்ந்த துரோகத்திற்குப் பழிவாங்குதல் எந்த அளவில் நீதியாகும் என்பதை அவ்வழக்கையும் அதிலிருந்து பிறந்த புனைவுகளையும் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கு

அக்கால நம்பூதிரி இல்லங்களில் மூத்த மகனே தன் குலத்தில் மணம் புரிவான். அவன் பல மனைவியரைக் கொள்வதும் உண்டு. இளையோர் நாயர் முதலிய பிற குலப் பெண்களோடு ‘சம்பந்தம்’ கொள்வர். ‘அந்தர்ஜனம்’ எனப்பட்ட மனைவியோ மறைக்குடையின்றி வெளிவரல் ஆகாது. ஆணின் பல உறவுகள் வழக்கமாகவும் பெண்ணின் ஓர் உறவு குற்றமாகவும் கொள்ளப்பட்டன. ஐயத்திற்குள்ளான பெண்ணை ஆராயும் முறையே ஸ்மார்த்த விசாரம். தனியறையில் வைக்கப்பட்ட அவளைப் பெயரால் குறிக்காமல், பொருள் என்னும் கருத்தில் ‘சாதனம்’ என்றே குறித்தனர்.

தாத்ரி தன்னோடு உறவு கொண்டோராக 64 ஆடவரைச் சுட்டினாள். அவர்தம் உடற்குறிகளையும் சான்றாகக் கூறினாள். நம்பூதிரிகள் 30, தமிழ் ஐயர்கள் 10, அம்பலவாசிகள் 13, நாயர்கள் 11 என்பது பொதுவாகக் கூறப்பெறும் கணக்கு. கதகளிக் கலைஞர் காவுங்ஙல் சங்கரப் பணிக்கரும் அவர்களுள் ஒருவர். சுட்டப்பட்டோர் அவளைக் குறுக்கு விசாரணை செய்ய மன்னர் இராமவர்மா இசைந்தார். இறுதியில் அவ்வாடவரும் தாத்ரியும் சாதிவிலக்குப் பெற்றனர்.

புனைவு

யார், எங்கே, எப்போது என்பவற்றை விசாரணை கேட்டது. ஏன் என்பதைக் கேட்டது இலக்கியமே. அந்தர்ஜனமாகவே பிறந்த லலிதாம்பிகா, 1938இல் எழுதிய ‘பிரதிகார தேவதை’ என்னும் சிறுகதையில் தாத்ரியை ஆவியாக வரவழைத்துப் பேசச் செய்கிறார். கணவனால் இழிவுபடுத்தப்பட்டவள் பரத்தைமையையே கருவியாகக் கொள்கிறாள். ஒருநாள் அவள் யாரென அறியாது கணவனே அவளை நாடி வருகிறான். கதைசொல்லி அவள்மீது பரிவு கொண்டபோதும் அவள் வழியை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. மாடம்பு குஞ்ஞுக்குட்டனின் ‘பிரஷ்டு’ நாவலும் (1973) இவ்வழக்கையே கருவாகக் கொண்டது. பழியுணர்வு என்பது தாத்ரியின் வாக்குமூலம் அன்று, இலக்கியம் அவள் செயலுக்குத் தந்த விளக்கம் என்பது இங்குக் கருதத்தக்கது.

தமிழ் மரபு

தமிழ்க் காப்பியங்கள் இவ்வினாவை இருவேறு வகையில் எதிர்கொண்டுள்ளன. குண்டலகேசியின் பெரும்பகுதி மறைந்துபோயினும் நீலகேசி உரைவழி அதன் கதை தெரியவருகிறது. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனை, வலம்வருவதாகக் கூறி அவள் தள்ளிவிடுகிறாள். பின் துறவு பூணுகிறாள். அவள் செயல் தற்காப்பும் ஆவதால் தீங்கு செய்தவனோடு அது நின்றுவிடுகிறது. கண்ணகியோ தன்னைப் பிரிந்த கோவலனைப் பழிக்கவில்லை. அவனைக் கொன்ற அரசநீதியையே வழக்கில் நிறுத்துகிறாள். மணவுறவின் துரோகம் அங்கு வழக்காகவே ஆகவில்லை. அதனை வழக்காக்கியவள் தாத்ரி. அவளைக் குற்றவாளியாக்க அமைந்த விசாரணையே ஆடவரின் குற்றத்தையும் வெளிப்படுத்தும் அவையாக மாறியது.

பொறையும் சினமும்

ஒறுத்தலின் இன்பம் ஒருநாளோடு முடியும் என்பது வள்ளுவம். ஆயினும் அந்நூலே, சினம் பலிக்கும் இடத்தில் அதைக் காப்பவனே உண்மையில் சினம் காப்பவன் என்றும் வரையறுக்கிறது. ஒறுக்கும் ஆற்றல் உடையவனுக்கே பொறை அறமாகும். அடைபட்ட பெண்ணிடம் பொறையை வேண்டுவது அவளது இயலாமைக்கு அறப்பெயர் சூட்டுவதாகும். தாத்ரியின் சினம் பலித்த ஒரே இடம் அவ்விசாரணைதான்.

எனினும் ஒரு தடை எஞ்சுகிறது. மதுரையை எரியூட்டியபோதும் கண்ணகி குழவியரையும் மூத்தோரையும் பத்தினிப் பெண்டிரையும் விலக்கினாள். சாதிவிலக்கு அத்தகைய வேறுபாட்டை அறியாது. விலக்கப்பட்ட ஆடவரின் இல்லங்களில் தாத்ரியைப் போன்ற மனைவியரும் இருந்திருப்பர். அவர்கள் இழந்ததற்கு எந்த அவையிலும் கணக்குக் கேட்கப்படவில்லை.

முடிவுரை

‘பழி’ என்னும் சொல் குற்றத்தையும் பழிக்குப் பழியையும் ஒருங்கே குறிக்கும். பழிவாங்குவோர் பிறர்மீது பழியைச் சுமத்தும்போதே தாமும் அதன் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றனர். பங்கேற்காது பிறரை மட்டும் தண்டிப்பது வஞ்சம். தாத்ரி தன்னை விலக்கிக்கொள்ளவில்லை. பிறருக்கு வந்த தண்டனையை அதே சட்டத்தின்கீழ்த் தானும் ஏற்றாள். இவ்வகையில் அவள் செயல் வஞ்சத்தைக் கடந்து நீதியை நெருங்குகிறது. முழுநீதி ஆகாமைக்குக் காரணம் அவளது சினம் அன்று. குற்றமற்ற மனைவியரையும் சேர்த்துத் தண்டிக்கும் சட்டமன்றி வேறு கருவி அவளுக்குக் கிட்டாமையே ஆகும்.