பெயரை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள்

பட்டறையிலோ பள்ளி ஆய்வகத்திலோ உங்கள் கைக்கு ஒரு ரசாயன கேன் வந்தால், மூடியைத் திறக்கும் முன் அதன் சி.ஏ.எஸ். எண்ணை, அதாவது ஒவ்வொரு ரசாயனப் பொருளுக்கும் உரிய தனி அடையாள எண்ணைத் தேடுங்கள். எண் இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள். அவரும் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். இதில் தயவு தாட்சண்யம் கூடாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? ஒரே பொருள் பல பெயர்களில் உலவுகிறது. மெத்தனால், மெத்தில் ஆல்கஹால், உட் ஸ்பிரிட், கார்பினால் எல்லாம் ஒன்றுதான். ஆல்கஹால், ஸ்பிரிட் என்று காதில் விழுந்ததும், பழகிய எத்தனால்தானே என்று மனம் அசந்துவிடும். இரண்டுமே நிறமற்ற திரவங்கள்; கண்ணும் மூக்கும் பிரித்துச் சொல்லாது. ஆனால் மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனாலின் எண் 67-56-1. எத்தனாலின் எண் 64-17-5. எந்த மொழியில், எந்த வணிகப் பெயரில் விற்றாலும் இந்த எண்கள் மாறா.

கழிவறை கழுவும் ஆசிட்டையும் பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம், மியூரியாட்டிக் ஆசிட் என்ற பெயர்களிலும் வருவது அதுவே, எண் 7647-01-0. பளிச்சென்று வெளுக்கட்டும் என்று அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத கழிவறையில் அது நுரையீரலை எரிக்கும், ஆளையே சாய்க்கும்.

எண் கிடைத்தால் மற்றதெல்லாம் கிடைக்கும். பப்கெம் என்ற இலவசத் தரவுத்தளத்தில் அந்த எண்ணை இட்டால், பொருளின் மாற்றுப் பெயர்கள் வரிசையாக வரும், ஆபத்துகளும் தெரியும். தயாரித்த நிறுவனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளை வாங்குங்கள். அதில் 16 பகுதிகள் உண்டு. ஆபத்து இரண்டாம் பகுதியில், கலந்துள்ள பொருள்கள் மூன்றில், முதலுதவி நான்கில், எதோடு சேர்க்கக் கூடாது என்பது பத்தில். தின்னர் போன்ற கலவையில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும்; ஒவ்வொன்றையும் பாருங்கள். அமிலத்தின் செறிவை எண் சொல்லாது. அதைத் தாளில்தான் பார்க்க வேண்டும்.

முதலாளிமார்களே, மேற்பார்வையாளர்களே, இந்தத் தாளை அலுவலக அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். வேலை நடக்கும் இடத்தில், வேலை செய்பவர் படிக்கும் மொழியில் ஒட்டுங்கள். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, கண்ணும் மூச்சும் எரிய ஓடிவந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்களிடம், கசிந்தது என்ன, அதற்கு என்ன சிகிச்சை என்ற தெளிவான தகவல் இல்லை. அபாயகர ரசாயனங்களுக்குப் பாதுகாப்புத் தகவல் தாளும் பெயர்ச்சீட்டும் வேண்டும் என்று அவற்றுக்கான இந்திய அரசின் 1989ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆய்வாளர் வரும் நாளுக்காக மட்டும் அதைச் செய்வது தொழிலாளிக்கு இழைக்கும் துரோகம்.

கடைக்காரர்களே, ஆசிட்டையும் தின்னரையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். வேறு கேனுக்கு மாற்றியே ஆக வேண்டுமென்றால் பெயர், எண், செறிவு, ஆபத்து நான்கையும் அழியாத மையில் எழுதுங்கள்.

தொழிலாளத் தோழர்களே, "இதன் எண் என்ன?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். யாராவது ரசாயனத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். அந்த பாட்டிலையோ அதன் எண்ணையோ மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

இன்றே உங்கள் இடத்தில் உள்ள ஒவ்வொரு கேனையும் எடுத்துப் பாருங்கள். எண் இல்லாததைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அது என்னவென்று உறுதியாகத் தெரியும்வரை யாரையும் அதைத் தொட விடாதீர்கள்.