பட்டியலில் வராத நாடு

மாலத்தீவு எவற்றால் ஆன நாடு என்று தெரிய வேண்டுமானால், தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏறும்போது நின்று பார்த்தால் போதும். வெங்காய மூட்டை, உருளைக்கிழங்கு, காய்கறிக் கூடை, சிமெண்ட், செங்கல், ஜல்லி. விளைநிலம் என்று பெரிதாக எதுவும் இல்லாத தீவுகளுக்குக் காய்கறி போவதில் வியப்பில்லை. மணல் போவதுதான் நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள், எங்கே இறங்கினாலும் மணற்கரை; அந்த நாடு வீடு கட்ட மணலை விலைக்கு வாங்குகிறது. கடல் மணலில் உப்பு. பவளப்பாறையைப் பெயர்த்து வீடு கட்டியது ஒரு காலம். அதையே தொடர்ந்திருந்தால் தீவுக்கு அலைதடுப்பு மிஞ்சியிருக்காது. ஆகவே ஆற்று மணலையும் கருங்கல்லையும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். 1981இல் போட்ட வர்த்தக உடன்படிக்கையின் வழியில் 2024-25ஆம் ஆண்டுக்கு இந்தியா அனுமதித்த அளவு ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன். அத்தியாவசியப் பொருள்களை அனுப்பலாம் என்று அரசு குறித்துக் கொடுத்த வாசல்களில் தூத்துக்குடியும் ஒன்று.

தோணி மரக்கலம். எஞ்சின் பூட்டிய பிறகும் பதிவேட்டில் அது பாய்க்கப்பல்தான். ஒரு தண்டல், அவருக்குக் கீழே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், ஏறக்குறைய 400 கடல்மைல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஓட்டம் கிடையாது; கலப்பத்து வேலையும் பலகை மாற்றும் வேலையும் நடக்கும். ஒலிம்பிக் போட்டி பெரும்பாலும் வருவது அந்த மாதங்களில்தான். தோணிகள் அந்த நாட்டுக்கு எதையும் கொண்டுபோகாத அந்த ஜூலை, ஆகஸ்டில், எல்லாவற்றையும் இறக்குமதி செய்து வாழும் அந்த நாடு உலகத்துக்குச் சிலரை அனுப்பிவைக்கிறது.

2024 பாரிஸுக்குப் போனவர்கள் ஐந்து பேர். ஓட்டத்துக்கு ஒருவர், பாட்மின்டனுக்கு ஒருவர், டேபிள் டென்னிஸுக்கு ஒருவர், நீச்சலுக்கு இருவர். நாட்டின் மக்கள்தொகையே ஐந்து லட்சத்துச் சொச்சம். 2011 கணக்குப்படி 17 லட்சத்துக்கு மேல் உள்ள தூத்துக்குடி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஐவரில் டேபிள் டென்னிஸ் ஆடும் பாத்திமத் தீமா அலி தகுதிப் போட்டியில் வென்று இடம் பிடித்தவர். அப்படி நேராகத் தகுதி பெற்று ஒலிம்பிக்குக்குப் போன முதல் மாலத்தீவுக்காரர். நாடு முதன்முதலில் கலந்துகொண்டது 1988 சியோலில். இந்த ஒன்றுக்கு 36 ஆண்டு பிடித்திருக்கிறது. அவருக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் 'எல்லா நாடும் வர வேண்டும்' என்பதற்காக ஒலிம்பிக் கமிட்டி ஒதுக்கிவைக்கும் இடங்களில் போனவர்கள்.

அந்த ஒதுக்கீடு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை ஆண்கள் 100 மீட்டரில் பார்க்கலாம். பாரிஸுக்கு நேரடித் தகுதி நேரம் 10.00 விநாடி. அதை எட்டியவர்களும் தரவரிசையில் வந்தவர்களும் முதல் சுற்றில் ஓடுவார்கள். அதற்கும் முன்னால் ஒரு சுற்று உண்டு, முன்னோட்டச் சுற்று. தகுதி பெற்றவர் யாரும் இல்லாத நாடு தன் சிறந்த வீரர் ஒருவரை அதில் நிறுத்தலாம். மாலத்தீவின் இபாதுல்லா ஆதம் நின்றது அங்கேதான். உலகின் கண் இரவில் நடக்கும் இறுதிப் போட்டிமேல் இருக்கும். முன்னோட்டச் சுற்றை நம்மில் யார் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்? ஆனால் ஓடுபாதையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. இறுதிப் போட்டிக்கு உள்ள அதே கோடு, காலை ஊன்றும் அதே கட்டை, அதே துப்பாக்கிச் சத்தம். முந்திக்கொண்டால் அதே விதிப்படி வெளியேற்றம். ஊக்கமருந்துச் சோதனையில் சலுகை கிடையாது. நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை பதிவாகும். சில சமயம் அந்த நேரத்துக்குப் பக்கத்தில் தேசிய சாதனை என்பதற்கான இரண்டு எழுத்து மின்னும். ஏழாவதாக வந்தவரின் பெயருக்கு எதிரே அது மின்னும்போது, முதலாவதாக வந்தவர் பக்கம் அந்த இடம் வெறுமையாக இருப்பதும் உண்டு.

இதை நாம் ஒப்புக்குச் சப்பாணி என்று சொல்லிவிட்டுப் போவோம். சொல்வதற்கு முன் ஒரு விஷயம்: பாரிஸில் அந்த 100 மீட்டரில் இந்தியாவிலிருந்து எவரும் ஓடவில்லை. 140 கோடிப் பேர் உள்ள, 117 பேரை அனுப்பிய, ஆறு பதக்கத்தோடு பட்டியலில் 71ஆம் இடம் பெற்ற நாடு நம்முடையது. கேலிக்கு நமக்குள்ள உரிமை அவ்வளவுதான்.

2019 டிசம்பரில் காத்மாண்டுவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. இந்தியா வாங்கிய தங்கம் 174. மாலத்தீவு வாங்கியது ஒன்று. அந்த ஒன்று எதில் என்பதுதான் சேதி: ஆண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில். இந்தப் பகுதியிலேயே வேகமான மனிதர் யார் என்று தீர்மானிக்கிற பந்தயம் அது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம் எல்லாம் சேர்ந்தால் உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வந்துவிடுவார். அத்தனை பேரைத் தாண்டி, நீளவாக்கில் நடந்தால் அரைமணியில் முடிந்துபோகிற மாலே நகரத்தைத் தலைநகராகக் கொண்ட நாட்டின் ஹசன் சாயித் முதலில் வந்தார். 1984இல் தொடங்கிய அந்தப் போட்டிகளின் வரலாற்றில் மாலத்தீவுக்கு அதுவே முதல் தங்கம். அவருக்கு ஆன நேரம் ஏறக்குறைய பத்தரை விநாடி. அதே நேரத்தோடு ஒலிம்பிக்குக்குப் போனால் முன்னோட்டச் சுற்று. சாயித் ரியோவிலும் ஓடினார், டோக்கியோவிலும் ஓடினார். ஒரே கால்கள், ஒரே வேகம். ஓரிடத்தில் தேசியகீதம், இன்னோரிடத்தில் பெயர்கூட நினைவில் நிற்காத வரிசை. வேகம் மாறவில்லை, பக்கத்தில் நிற்பவர்கள் மாறினார்கள்.

தூத்துக்குடியில் உட்கார்ந்து போட்டியைப் பற்றி எழுதினால் வ.உ.சி. வராமல் இருக்க மாட்டார். 1906இல் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, கொழும்புப் பாதையில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு மோதியது. எதிராளி கட்டணத்தை வெட்டினான், அரசாங்கம் முதலாளியைச் சிறையில் போட்டது, கம்பெனி மூழ்கியது. கணக்குப் புத்தகத்தின்படி படுதோல்வி. இன்று அந்தத் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் பெயர். ஜெயித்த கம்பெனியின் பெயரைக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் விழிப்பார்கள்.

பதக்கப் பட்டியலை அச்சிடும்போது பத்திரிகைகள் ஒரு தந்திரம் செய்கின்றன. பதக்கம் வாங்கிய நாடுகளை மட்டும் போடுகின்றன. தந்திரம் என்பது பெரிய வார்த்தை, இடம் இல்லை என்பதுதான் காரணம். ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து நமக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது, பதக்கம் வாங்குவதே நாடுகளின் இயல்பு என்பதுபோல. பாரிஸில் 200க்கு மேற்பட்ட அணிகள் அணிவகுத்தன. பாதிக்கு மேற்பட்டவை ஒரு வெண்கலம்கூட இல்லாமல் ஊர் திரும்பின. உலகத்தின் வழக்கமே வெறுங்கையோடு திரும்புவதுதான்.

இந்தக் கரைக்கு அது புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் குளிப்புக்கு நாள் குறிக்கும் முன், மாதிரிக்குச் சிப்பி எடுத்துவந்து திறந்து, உள்ளே உள்ள முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பி என்ன பெறும் என்று கணக்குப் போடுவார்கள். சம்மாட்டியின் படகில் குளியாளிகள் கல்லைக் காலில் கொடுத்து இறங்கி, மூச்சு நிற்கும் மட்டும் அள்ளிவந்த சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்குகிறவன் எதை வாங்குகிறான்? பெரும்பாலும் வெறும் சிப்பியை. அவனுக்கும் தெரியும், ஏலம் கூறுகிறவனுக்கும் தெரியும். ஆனால் 'முத்துள்ள சிப்பியை மட்டும் கொடு' என்று எவனும் கேட்டதில்லை. அப்படிப் பிரிக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒவ்வொரு சிப்பியிலும் முத்து இருந்திருந்தால் அதற்குச் சட்டைப் பொத்தானின் விலைதான் இருந்திருக்கும். முத்தின் விலையில் பெரும்பங்கு, முத்தில்லாத சிப்பிகள் போட்ட விலை. 1961க்குப் பிறகு இங்கே முத்துக் குளிப்பு நடக்கவில்லை. நகைக்கடை முத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் குவியல் எங்கே நினைவுக்கு வரப்போகிறது?

இதுவரை சொன்னதைக் கேட்டு ஒருவர், 'சரி, தோற்பவர்கள் இருந்தால்தான் ஜெயிப்பவருக்கு மதிப்பு. அதில் தோற்பவருக்கு என்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 1988ஆம் ஆண்டில் இருக்கிறது.

சியோல் ஒலிம்பிக் அந்த ஆண்டு அக்டோபர் 2இல் முடிந்தது. மாலத்தீவின் கொடி முதல் தடவையாக அந்த அணிவகுப்பில் போயிருந்தது. பதக்கம் இல்லை. ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து, நவம்பர் 3 விடிகாலை, ஏறக்குறைய 80 பேர் ஆயுதங்களோடு மாலேயில் இறங்கினார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள், புளொட் இயக்கத்தின் ஆட்கள், தமிழ் பேசுகிறவர்கள். ஆட்சியைக் கவிழ்க்க நினைத்த ஒரு மாலத்தீவு வியாபாரி அவர்களைக் கூட்டிவந்திருந்தார். எண்பது பேர் சில மணிநேரத்தில் ஒரு நாட்டைப் பிடித்துவிடப் பார்த்தார்கள். அதிபர் கயூம் ஒளிந்த இடத்திலிருந்து நாடுநாடாக உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்தியப் படை விமானத்தில் வந்து இறங்கியது, நிலைமை மாறியது.

எண்பது பேர் போதும் என்கிற அளவில் இருக்கிற ஒரு நாட்டுக்கு, இருக்கிறது என்பதே தினந்தோறும் நிரூபிக்க வேண்டிய விஷயம். பெரிய நாட்டுக்கு அந்தக் கவலை இல்லை. இந்தியா ஒலிம்பிக்குக்குப் போகாவிட்டாலும் உலக வரைபடத்தில் அதை யாரும் தேட வேண்டியதில்லை. மாலத்தீவு போகாவிட்டால்? உதவி கேட்டுக் கூப்பிடும் ஒரு நாள் வரும்போது, மறுமுனையில் இருப்பவர் 'யார்?' என்று கேட்காமல் இருக்க வேண்டும். ஐ.நா. பொதுச்சபையில் சீனாவுக்கும் மாலத்தீவுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. தொடக்க விழாவில் ஆளுக்கு ஒரு கொடி. 100 மீட்டரில் ஆளுக்கு ஒரு பாதை, அகலம் ஒன்றே. இந்த மூன்றைத் தவிர வேறு எங்கே அவை சமமாக நிற்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன், அதிகம் தோன்றவில்லை.

ஒதுக்கீட்டு இடத்தைச் சலுகை என்று நினைப்பது எனக்கு இதனால்தான் ஒவ்வவில்லை. கடன் பட்டிருப்பது யார் என்பதில் நாம் கணக்கைத் தலைகீழாக எழுதிவிட்டோம். முன்னோட்டச் சுற்றை எடுத்துவிட்டால் சாயித்துக்கும் ஆதமுக்கும் ஒரு காலைப்பொழுது போகும், அவ்வளவே. ஜெயித்தவருக்கோ அவர் பட்டமே போய்விடும். பணமும் பயிற்சித் திடலும் உள்ள நாற்பது ஐம்பது நாடுகளில் வேகமானவர் என்று அவரைச் சொல்லலாம், உலகத்தில் வேகமானவர் என்று சொல்ல முடியாது. மாலேயில் பல ஆண்டுகள் நீச்சல் பழகியது கடலோரத்தில் அடைத்துவிட்ட நீரில்தான். அங்கே பழகியவரும் பக்கத்துப் பாதையில் குதித்தார் என்பதால்தான் தங்கம் வாங்கியவரின் கழுத்தில் தொங்குவது உலகத்தின் தங்கமாகிறது. 'உலகம்' என்ற அந்தஸ்தை அவருக்குக் கொடுக்கிறவர்கள், அவர் பெயர் அறியாத கடைசிப் பாதைக்காரர்கள். தோற்பதற்கு வந்தவர்கள் அவர்கள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் பேச்சு. துப்பாக்கி வெடித்த பிறகு ஒரு ஓட்டக்காரனின் உடம்புக்கு அது தெரியாது.

அந்தக் கடைசிப் பாதையில் இன்னும் எத்தனை காலம் ஆள் நிற்பார்கள்? மாலத்தீவின் நிலத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டருக்குள். கடல் ஏறுவதைப் பற்றிக் கயூம் ஐ.நா.வில் எச்சரித்தது 1987இல். 2009இல் அதிபர் நஷீத் அமைச்சர்களுக்கு மூச்சுக்கருவி மாட்டிக் கடலுக்கடியில் கூட்டம் போட்டார். உலகம் படம் பார்த்துக் கைதட்டியது. கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்று ஒரு நகரத்தையே எழுப்பிவிட்டார்கள்.

நிலம் போன நாட்டின் அணி என்ன ஆகும் என்பது வெட்டிக் கேள்வி இல்லை. 2016 ரியோவில் அகதிகள் அணி என்று பத்துப் பேர் களமிறங்கினார்கள். நாட்டை விட்டு வந்தவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. நாடு இருந்து மண் இல்லாதவர்களுக்கு? ஒலிம்பிக் சாசனத்தை எடுத்துப் பார்த்தால், நாடு என்பதற்கு அது சொல்லும் இலக்கணம் சர்வதேச சமூகம் ஏற்றுக்கொண்ட சுதந்திர அரசு என்பது மட்டுமே. நிலம் எத்தனை சதுர கிலோமீட்டர் வேண்டும், எத்தனை மீட்டர் உயரத்தில் வேண்டும் என்று அதில் ஒரு சொல் இல்லை. ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த ஏற்பைக் கொடுப்பதும் மறுப்பதும் மற்ற நாடுகளின் கையில் இருக்கிறது. காத்மாண்டுவில் 174 தங்கம் வாங்கிய நாட்டின் கையிலும்.