பாடும் வாயும் பாடற்பொருளும்

கொல்கத்தாவில், டல்ஹௌசி சதுக்கம் என்று முன்னாளில் வழங்கிய பினய்-பாதல்-தினேஷ் பாக் பகுதியில் பணிபுரியும் தமிழன்பர்கள் பழைய மிஷன் ஆலயத்தை அறிந்திருப்பர். 1770இல் அதனை எழுப்பிய கீர்நாண்டர் என்னும் சுவீடன் நாட்டுப் போதகர், அதற்குமுன் கடலூரில் தமிழரிடையே பணியாற்றியவர். 1758இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபோது அங்கிருந்து நீங்கி இந்நகரை அடைந்தார். நம்மைப் போலவே தென்னாட்டிலிருந்து இங்குப் பெயர்ந்து வந்தவர் கட்டிய கோயில் என்பதனால், நண்பகல் இடைவேளையில் அவ்வழியே நடக்கும்போதெல்லாம் அதன்பால் எனக்கு ஓர் உறவுணர்ச்சி தோன்றும். சென்ற ஆண்டு சில நாட்கள் அவ்வழியைத் தவிர்த்து வேறு தெருவால் நடந்தேன். காரணம் என் மகள் கேட்ட ஒரு கேள்வி.

அவள் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். மாதந்தோறும் நாங்கள் சில குடும்பத்தார் ஒருவர் இல்லத்தில் கூடிக் கீர்த்தனைகள் பாடுவது வழக்கம். அவளுக்காக அவற்றை வங்க எழுத்தில் பெயர்த்து எழுதித் தருவேன். நம் ழகரத்திற்கும் வகரத்திற்கும் அவ்வெழுத்தில் நேரான இடம் இல்லாமையால் சொற்கள் படும் பாட்டைச் சொல்லி முடியாது! ஆயினும் குரல் இனிது, அனைவரும் மெச்சுவர். இராஷ்பிகாரி சாலைப் பக்கத்து நண்பர் ஒருவர், தம் பிள்ளைகள் தேவாரம் ஓதுவதும் இவ்வாறே என்று கூறி வருந்தினார். பொருள் அறியாது பாடுவது வழிபாடாகுமா என்பது அவர் ஐயம்.

ஆவியோடு பாடுவதுடன் கருத்தோடும் பாட வேண்டும் என்பது கொரிந்து நகரத்தார்க்குப் பவுல் எழுதிய அறிவுரை. அதனை மறுப்பார் இலர். ஆனால் கருத்தை அறிந்தவரெல்லாம் மெய்யாகப் பாடுகின்றனரோ? நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய அகஸ்தீன் அடிகளார்க்கு வேறோர் அச்சம் இருந்தது. பாடலின் பொருளைக் காட்டிலும் அதன் இன்னிசையே தம் நெஞ்சை உருக்கும்போது தாம் பிழை செய்தவராவதாகவும், அவ்வேளையில் பாட்டைக் கேளாதிருப்பதே நலம் என்றும் அவர் கருதினார். எனினும், மனம் திரும்பிய நாட்களில் ஆலயப் பாட்டைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரை எண்ணி, பாட்டை விலக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. இந்தத் தடுமாற்றமே எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. ஆனால் இசையின்மீது அவர் கொண்ட ஐயம் சற்று மிகை என்றே தோன்றுகிறது. நம் நெஞ்சை ஏமாற்றுவதற்கு நல்ல இராகம் ஒன்றும் தேவையில்லை. அபசுரத்திலும் அது நடைபெறும்.

நம்மவருள் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை எண்ணிப் பார்க்கலாம். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் பயின்று, சரபோசி மன்னரின் மதிப்பைப் பெற்றவர். குறவஞ்சி வடிவில் பெத்லகேமைப் பாடியவர். திருச்சபையிலிருந்து தமிழிசையை அகற்ற முற்பட்ட புதிய போதகர்களை எதிர்த்து அவர் 1829இல் முறையிட்டார். அவர் அன்று நிமிர்ந்து நின்றிராவிடில் நம் கீர்த்தனை மரபு எவ்வளவு மெலிந்திருக்குமோ! ஆனால் அதே முறையீட்டில், சாதி வேறுபாடு பாராது சபையாரை ஒன்றாக்குவதையும் ஒரு கொடுமையாகவே அவர் எண்ணினார். யாவர்க்கும் பொதுவான இரட்சகரைப் பாடியவர், பந்தியில் யாவரும் பொதுவாக அமர்வதைப் பொறுக்கவில்லை. இதனைச் சொல்வது அவரைத் தாழ்த்துவதற்கன்று. அவர் பக்தி பொய் என்று கூற எனக்குத் துணிவில்லை. கூறினால் அது உண்மையும் ஆகாது. பாட்டு அவரைக் கடந்து சென்றுவிட்டது, அவர் பின்தங்கினார். அவர் விலக்க நினைத்தோர் வீடுகளிலும் இன்று அவர் பாடல் ஒலிக்கிறது.

எழுத்தர் வேலையில் இருபது ஆண்டுகளைக் கழித்த எனக்கு ஓர் எண்ணம் உண்டு. கோப்பின் அடியில் இடும் கையொப்பத்தை எவரும் அழகு பார்ப்பதில்லை. கையெழுத்து கோணலாயினும், இட்டவன் அதற்குக் கட்டுப்பட்டவன். சபையில் நாம் பாடுவதும் அத்தகையதோர் ஒப்பமே என்று கொள்கிறேன். உருக்கம் வரலாம், வராமற் போகலாம். அலுவலக அலுப்பில் வாய் மட்டும் அசையும் மாலைகளும் உண்டு. அவற்றைப் பொய் என்று தள்ள வேண்டுவதில்லை. பாடியதற்குக் கட்டுப்பட மாட்டேன் என்று உள்ளே முடிவு செய்துகொண்டு பாடுகிறோமே, அதுதான் பொய். பொருளறியாது பாடும் பிள்ளை படிக்காமல் ஒப்பமிடுகிறது. எழுந்து பொருள் கேட்கும் நாளில் அதற்குக் கணக்குத் தொடங்குகிறது. படித்துப் பார்த்து ஒப்பமிட்டுவிட்டு மறுப்பவன் நிலைதான் இரங்கத்தக்கது.

என் மகள் கேட்டது, ஒரு பாட்டில் வரும் ‘தத்தம்’ என்ற சொல்லுக்குப் பொருள். “நீரைத் தாரை வார்த்து ஒன்றைக் கொடுத்துவிடுவது. பிறகு அது என்னுடையது என்று கேட்க முடியாது” என்றேன்.

“நீங்கள் எதை அப்பா அப்படிக் கொடுத்தீர்கள்?” என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளவே கேட்டாள். ஊரில் எங்கள் பூர்வீக மனையில் ஒன்றேகால் சென்டு நிலத்தின் பொருட்டு நானும் என் தமையனாரும் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சற்றிருந்தோம். அத்தனை ஆண்டுகளும் அந்தப் பாட்டை நான் முன்நின்று பாடி வந்தேன். கண்ணீர் விட்டும் பாடியிருக்கிறேன். அக்கண்ணீர் நடிப்பன்று என்பதே எனக்கு விளங்காத புதிர்.

இரு வாரங்கள் கழித்து அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். மனை அவர்களுக்கே இருக்கட்டும் என்று எழுத முதல் மூன்று தாள்களில் கை வரவில்லை, நான்காவதில் எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை. சென்ற மாதக் கூட்டத்தில் அந்தப் பாட்டை யாரோ எடுத்தார்கள். தொடங்கித் தருமாறு என்னை நோக்கினார்கள். நான் மகளைக் காட்டினேன். அவள் வங்க எழுத்துத் தாளை விரித்து, எப்போதும்போல் ழகரத்தைத் தவறவிட்டுப் பாடத் தொடங்கினாள்; இரண்டாம் சரணத்தில் நானும் மெல்லச் சேர்ந்துகொண்டேன்.