தெரிதல்

வயிற்றிலிருந்து பாதம் வரைக்கும் எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள குறுக்குவெட்டு, வாழைத்தண்டை வட்டம் வட்டமாகச் சீவிய மாதிரி. அவற்றை அடுக்கி, எலும்பை நீக்கி, ரத்தக்குழாய்களை மட்டும் முப்பரிமாண உருவமாக நிறுத்துவது என் வேலை. மதுரையில் பதினாறு வருடங்களாகச் செய்கிறேன். ஸ்கேன் எடுப்பவர்கள் வேறு. நான் பக்கத்து அறையில் வொர்க்ஸ்டேஷன் முன்னால் இருப்பேன். நோயாளியின் பெயரும் வயதும் திரையின் மூலையில் இருக்கும். ஆளைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

இந்த வேலையைப் பற்றி யாராவது கேட்டால் நெடுநாளாக ஒரே பதில்தான் வைத்திருந்தேன். "உள்ள இருக்கிறத இருக்கிறபடி காட்டுறோம், அவ்வளவுதான்." அது உண்மையில்லை என்பது ஒரு காலின் படத்தால்தான் எனக்கு உறைத்தது.

1895-இல் ரான்ட்ஜென் கண்டுபிடித்த எக்ஸ்ரே தருவது ஒரு நிழல். உடலின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலந்த நிழல். 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்தபோது அந்தக் கலப்படம் வெட்டுவெட்டாகப் பிரிந்தது. சிடி அடிப்படையில் தருவது எண்களை. காற்றுக்கு -1000, தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு ஏறத்தாழ -100, கெட்டியான எலும்பு ஆயிரத்தைத் தாண்டும். இந்த எண்ணுக்கு இந்த நிறம், இதற்குக் கீழே உள்ளதெல்லாம் மறையட்டும் என்று நாங்கள் சொல்லும்போதுதான் உருவம் எழும். ரத்தக்குழாய் படத்தில் பளபளவென்று சிவப்பாக இருப்பது நாங்கள் சிவப்பு கொடுத்ததால்.

சிக்கல் எலும்பை நீக்கும்போது வரும். ரத்தத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறியதும் அதன் எண் முந்நூறு, நானூறு என்று உயரும். மூட்டுக்கு அருகே உள்ள பஞ்சு போன்ற எலும்பின் எண்ணும் அங்கேதான் இருக்கிறது. நீரிழிவுக்காரர்களுக்கு ரத்தக்குழாயின் சுவரிலேயே சுண்ணாம்பு படிந்திருக்கும். கணினிக்கு அதுவும் எலும்புதான். ஒரு பட்டனைத் தட்டினால் தொண்ணூறு பங்கு வேலையை அது செய்துவிடும். மீதிப் பத்துப் பங்கை, எலும்போடு சேர்ந்து குழாயும் போய்விட்டதா என்று பழைய வெட்டுகளோடு ஒத்துப்பார்த்து, கையால் சரி செய்ய வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலையில் அந்தப் பத்துப் பங்கை நான் செய்யவில்லை. அன்று வரிசையில் ஏழு கேஸ் நின்றது. அறுபது வயதுக்காரர், சர்க்கரை, கால் விரலில் ஆறாத புண். முழங்காலுக்குக் கீழே மூன்று முக்கிய ரத்தக்குழாய்கள் உண்டு. அவற்றில் ஒன்று இரண்டு எலும்புகளுக்கும் நடுவே புகுந்து முன்பக்கம் வரும். எலும்பை ஒட்டிப் போகும் அந்த இடத்தில் அவருக்குச் சுண்ணாம்பும் இருந்தது. சாஃப்ட்வேர் எலும்போடு குழாயையும் சேர்த்து எடுத்துவிட்டது. படத்தில் நான்கு விரல்கடை நீளத்துக்கு வெறும் கறுப்பு. மற்ற இரண்டு குழாய்களும் உண்மையிலேயே அடைத்திருந்ததால், பார்ப்பவருக்குக் காலில் ரத்தமே இறங்காத மாதிரிதான் இருக்கும். நான் ஃபிலிம் போட்டு அனுப்பிவிட்டேன்.

ரேடியாலஜிஸ்ட் மேடம் சாம்பல் நிற வெட்டுகளைப் பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுவார். அதில் சரியாகவே இருந்தது: முன்குழாய் குறுகியிருக்கிறது, ஆனால் ஓட்டம் உண்டு. ரிப்போர்ட் ஆங்கிலத்தில். அந்தக் குடும்பத்தில் அதைப் படிக்க ஆளில்லை. கவரில் அவர்களால் படிக்க முடிந்தது ஒன்றே ஒன்று, என்னுடைய கலர் படம்.

ஒன்பது நாள் கழித்து மகன் வந்தார். "சார், அப்பா பஸ்லயே படத்தப் பாத்துட்டாரு. கால எடுத்துருவாங்க, நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு வீட்லயே படுத்துக்கிட்டாரு. பக்கத்து வீட்டுப் புள்ள ரிப்போர்ட்டப் படிச்சுட்டு ஓட்டம் இருக்குன்னுதானே போட்டிருக்குங்குது. எதை சார் நம்புறது?"

படத்தைத் திறந்தேன். பழைய வெட்டுகளைப் புரட்டியதும் ஒரு நிமிடத்தில் புரிந்தது. என் வாயில் வந்தது இதுதான்: "சாஃப்ட்வேர்ல அப்படி வந்துருக்குண்ணே." சரி செய்து புதுப்படம் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே அப்பாவைச் சேர்த்தார்கள். அடைப்பை பலூன் வைத்து விரித்தார்கள். கால் தப்பியது. ஆனால் அதற்குள் கறுத்துப்போயிருந்த இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஒன்பது நாள் முந்தி வந்திருந்தால் அவை இருந்திருக்குமா என்று சர்ஜனைக் கேட்டேன். "சொல்ல முடியாதுப்பா" என்றார்.

விரல்களைவிட என்னை அதிகம் அரித்தது நான் சொன்ன வாக்கியம். "அப்படி வந்துருக்கு." அதில் செய்தவன் யாரும் இல்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம். படத்துல தெரியுது, மெஷின் காட்டுது, ரிசல்ட் வந்துருக்கு. மழை வந்தது மாதிரி.

ஆனால் தமிழில் 'தெரி' என்ற வினைக்குக் கண்ணுக்குப் புலப்படுதல் என்பது மட்டும் பொருளில்லை. தேர்ந்தெடுத்தல் என்றும் பொருள். தெரிந்தெடுத்தல் என்கிறோம், தெரிவு செய்தல் என்கிறோம். குறளில் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல் என்று அதிகாரங்களே இருக்கின்றன. நான் திரையில் செய்வதும் அதுதான். ஒன்று தெரிய வேண்டுமென்றால் இன்னொன்றை நீக்கியாக வேண்டும். எதை நீக்குவது என்று முடிவெடுக்க அங்கே ஒரு ஆள் இருக்கிறான். பட்டனைத் தட்டிவிட்டுப் பார்க்காமல் விடுவதும் அவனுடைய முடிவுதான்.

அப்படியானால் எதையும் நீக்காத அசல் படத்தையே கொடுத்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அப்படி ஒரு படம் கிடையாது. சாம்பல் நிற வெட்டிலும் எந்த எண்ணை வெள்ளையாக, எதைக் கறுப்பாகக் காட்டுவது என்று ஒருவர் வைத்துத்தான் ஆக வேண்டும். நுரையீரலுக்கு வைத்தால் எலும்பின் உள்விவரம் போய்விடும், எலும்புக்கு வைத்தால் நுரையீரல் கறுத்துவிடும். ஆயிரம் வெட்டுகளையும் அப்படியே அந்தப் பெரியவரிடம் கொடுப்பது எதையும் காட்டாததற்குச் சமம்.

எல்லாவற்றையும் காட்டுவது நேர்மையும் ஆகாது. தலை ஸ்கேனில் எண்ணை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் எலும்பு மறைந்து தோல் எழும். கண் மூடிய ஒரு முகம் திரையில் நிற்கும். மூக்கு, உதடு எல்லாம் அடையாளம் தெரிகிற அளவுக்கு இருக்கும். மூளைக் குழாயைப் பார்க்கச் சொல்லி வந்தவர் முகத்தைக் காட்டச் சொல்லவில்லை. அதை உடனே மறைத்துவிடுவேன். அந்த நீக்கலுக்காக என் மனம் ஒருபோதும் உறுத்தியதில்லை.

ஆக, நீக்குவதில் குற்றம் இல்லை. நீக்கியதைச் சொல்லாமல் விடுவதிலும், கேட்கும்போது 'நான்' என்று சொல்லாமல் விடுவதிலும்தான் குற்றம் இருக்கிறது. குறள் வாய்மையை யாருக்கும் தீங்கு தராத சொல் என்று விளக்குகிறது. இதைத் துணைக்கு வைத்துக்கொண்டு சமாதானம் தேடியதும் உண்டு. உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு மனக்கஷ்டம்தானே, சொல்லாமல் இருப்பதே தீங்கில்லாதது என்று. அந்தச் சமாதானம் இரண்டு நாள் தாங்கியது. தீங்கு என்று நான் கணக்குப் போட்டது என் வேலைக்கு வரக்கூடியதைத்தான்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மகன் டீ வாங்கப் போயிருந்தார். "ஐயா, அந்த மொதப் படத்துல தப்பு மெஷினோடது இல்ல. நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப அந்தப் படத்துல இருந்தது என் கால் இல்லையா தம்பி?" என்று கேட்டார்.

"உங்க கால்தான்யா. ஆனா முழுசா இல்ல."

"அதை அதுலயே எழுதியிருக்கலாம்ல?"

பதினாறு வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றாதது அது. இப்போது எலும்பு நீக்கிய ஒவ்வொரு படத்தின் அடியிலும் தமிழில் ஒரு வரி சேர்க்கிறேன்: 'இந்தப் படத்தில் எலும்பு நீக்கப்பட்டுள்ளது. இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.' பக்கத்திலேயே எலும்போடு உள்ள படத்தையும் வைக்கிறேன். ஒரு கேஸுக்கு ஐந்து நிமிடம் கூடுகிறது. மேலே இருப்பவர்கள் ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். 'நீக்கப்பட்டுள்ளது' என்பதிலும் நீக்கியவன் இல்லைதான். அதனால் ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போடுகிறேன்.