படைக்கல அறிவும் கொடுத்தவன் பொறுப்பும்

ஒருவன் வடித்த வாள் மற்றொருவன் கையிலிருந்து மூன்றாமவன் உயிரைக் குடிக்குமாயின், வடித்துக் கொடுத்தவனுக்கு அத்தீவினையில் பங்குண்டா? தொன்மையான இவ்வினா ஏவுகணைகளின் காலத்தில் புதிய கடுமையுடன் நம் முன் நிற்கின்றது.

1980 முதல் 1988 வரை ஈராக்கும் ஈரானும் போரிட்டன. சோவியத் நாட்டிடம் பெற்ற ஸ்கட் ஏவுகணைகளை ஈராக் ஈரானிய நகரங்களின்மீது ஏவிற்று; 1988இல் அவற்றின் வீச்சை நீட்டித் தலைநகராகிய டெஹ்ரானையே தாக்கிற்று. வீட்டிலிருந்த மக்கள் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். அமெரிக்கத் தடையால் தன் போர் விமானங்களுக்கு உதிரிப்பாகங்களும் கிடைக்காத ஈரான், வட கொரியாவை நாடிற்று. அந்நாடோ எகிப்திடமிருந்து கிடைத்த ஸ்கட்டைப் பிரித்து ஆராய்ந்து, தானே செய்யக் கற்றிருந்தது. 1987 முதல் ஏவுகணைகளும், பின்னர் அவற்றைச் செய்யும் முறையும் ஈரானுக்குச் சென்றன. வட கொரியாவின் நோடாங் என்னும் ஏவுகணையே, 1998இல் ஈரான் சோதித்த ஷஹாப்-3க்கு மூலமாயிற்று.

2006இல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை இவ்விரு நாடுகளின்மீதும் தடை விதித்தது. ஆயினும் 2020இல் அவை நெடுந்தூர ஏவுகணைப் பணியில் மீண்டும் ஒத்துழைத்தன என்று ஓர் உறுப்பு நாடு கூறியதை, அவையின் நிபுணர் குழு 2021இல் வெளியிட்டது.

வாங்கியவன் கூறும் நியாயத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. தன் மக்கள்மீது நெருப்பு பொழியும்போது எவரும் துணைவராத நிலையில், கிடைத்த ஆயுதத்தை அவன் பற்றினான். தடை விதித்தோரும் தூயவர் அல்லர். முதல் ஸ்கட் வல்லரசின் கையிலிருந்தே புறப்பட்டது.

விற்றவனும் ஒரு நியாயம் கூறினான். அந்நியச் செலாவணிக்காகவே ஏவுகணைகளை விற்பதாகவும், ஈடு கிடைத்தால் நிறுத்துவதாகவும் 1998 ஜூனில் வட கொரியா வெளிப்படையாக அறிவித்தது. பஞ்சத்தில் மக்கள் மடிந்த ஆண்டுகள் அவை. வறுமை உண்மையே. ஆனால் விலை கொடுத்தால் நிறுத்தக்கூடிய செயலை, வேறு வழியற்ற செயல் என்று எங்ஙனம் கூறுவது? தன் பசியை ஆற்ற முன்பின் அறியாதான் மரணத்தை விற்பது தற்காப்பு ஆகாது. இல்லறத்தார் செய்யத் தகாத ஐந்து வாணிபங்களுள் ஆயுத வாணிபத்தைப் பகவான் புத்தர் சேர்த்ததன் பொருள் இதுவே. கொன்றவனை மட்டுமன்றி, விற்றவனையும் அவர் கணக்கில் வைத்தார்.

வாளுக்கும் அறிவுக்கும் வேறுபாடு ஒன்றுண்டு. கொடுத்த வாள் கொடுத்தவனை விட்டு நீங்கும். கொடுத்த அறிவோ இருவரிடமும் நிற்கும், மூன்றாமவனிடமும் செல்லும், திரும்பப் பெறவும் இயலாது. 2017 நவம்பர் 4ஆம் நாள் ஏமன் நாட்டு ஹூதிப் படையினர் ரியாத் நகரை நோக்கி ஓர் ஏவுகணையை ஏவினர். அதன் சிதறல்கள் ஈரானில் செய்யப்பட்டவை என்று ஐ. நா. நிபுணர் குழு கண்டது. தான் கொடுக்கவில்லை என ஈரான் மறுத்தது. அன்று டெஹ்ரானில் அஞ்சி ஓடிய தாயின் துயரமே இவ்வறிவைத் தேடச் செய்தது. அதே துயரம் வேறொரு நகரத்துத் தாயின் வாயிலை அடையுமாயின், நியாயம் எங்கே நின்றது?

ஆகவே விலை பெற்றதோடு கொடுத்தவன் பொறுப்பு முடிவதில்லை. தடை மட்டும் இத்தீமையை நிறுத்தவில்லை என்பதையும் கண்டோம். தாக்கப்பட்டவன் முறையிடும் நாளிலேயே உலகம் செவிசாய்த்திருந்தால், அவன் ஆயுதம் தேடி அலைந்திரான். கொடாமை ஓர் அறம். கேளாதிராமை அதற்கு முந்திய அறம். இவ்விரண்டையும் அன்பர்கள் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.