நண்பகல் சோர்வும் நிலைத்திருத்தலும்

தலையான பாவங்கள் ஏழு என்றும் அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழு என்றும் தமிழ்க் கத்தோலிக்கரின் ஞானோபதேசம் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்துள்ளது. அகங்காரத்துக்குத் தாழ்ச்சியும், உலோபத்துக்கு உதாரமும், போசனப்பிரியத்துக்கு மட்டசனம் எனப்படும் அளவான உணவும் மருந்தாக வைக்கப்பட்ட அந்த வரிசையின் கடைசியில், சோம்பலும் அதற்கு எதிராகச் சுறுசுறுப்பும் நிற்கின்றன. இங்கே புண்ணியம் என்னும் சொல் நற்செயலால் சேரும் பலனைக் குறிப்பதில்லை. நன்மையை எளிதாகவும் மனமுவந்தும் செய்யும்படி ஆன்மாவில் ஊன்றிவிட்ட பழக்கத்தையே குறிக்கிறது. மற்ற ஆறு இணைகளிலும் மருந்து நோய்க்குப் பொருந்தியிருக்க, ஏழாவதில் மட்டும் பொருத்தம் தளர்ந்து காணப்படுகிறது. காரணம், அந்த நோயின் பெயர் வரும் வழியிலேயே பொருள் மாறிப்போயிற்று.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் கெல்லியா என்னுமிடத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த எவாகிரியுஸ், துறவியைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றை அகேடியா என்று அழைத்தார். அக்கறையற்றுப் போதல் என்பது இந்தக் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள். எட்டிலும் மிகக் கடுமையானது இதுவே என்பது அவர் கணிப்பு. வெயில் ஏறும் வேளையில் இது வந்து பற்றிக்கொள்ள, சூரியன் நகராமல் நிற்பது போலவும் பகல் ஐம்பது மணி நேரம் நீள்வது போலவும் துறவிக்குத் தோன்றுகிறது. உணவு வேளையான ஒன்பதாம் மணிக்கு, அதாவது பிற்பகல் மூன்று மணிக்கு, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அறிய அவர் அடிக்கடி வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார். சகோதரர் யாரேனும் வருகிறாரா என்று இங்குமங்கும் நோக்குகிறார். இருக்கும் இடத்தையும் செய்யும் கைவேலையையும் வெறுத்து, வேறோர் ஊரில் பிழைப்பு எளிது, இறைவனுக்கு உகந்தவராக எங்கிருந்தும் வாழலாம் என்று எண்ணத் தொடங்குகிறார்.

இவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லமாட்டார்கள். எகிப்துத் துறவிகளிடம் பயின்று, பின்னர் மார்செய் நகரில் மடங்களை நிறுவிய யோவான் கசியான் இதனை இன்னும் கூர்மையாகக் கண்டார். நோயாளிகளைப் பார்த்து வரவேண்டும், ஆதரவற்ற பெண்ணொருத்திக்கு உதவ வேண்டும் என்றெல்லாம் பக்தியின் வேடமிட்டு அகேடியா துறவியை அறையைவிட்டு வெளியே அழைக்கிறது என்பது அவர் காட்டும் சித்திரம். ஓடியாடி உழைப்பவரிடமும் இந்நோய் குடியிருக்கலாம் என்பதால், சுறுசுறுப்பை அதற்கு மருந்தாகத் தருவது சில வேளைகளில் நோய்க்கே தீனி போடுவதாகும். பங்கின் எல்லாச் சங்கங்களிலும் பெயர் கொடுத்துவிட்டு, அரைமணி நேரம் தனிமையில் செபிக்க இயலாமல் தவிப்போர் இதற்குத் தொலைவில் உள்ளவர்கள் அல்லர். எவாகிரியுஸ் கூறும் மருந்து பொறுமை. கிரேக்கத்தில் இச்சொல்லுக்குச் சுமையின் கீழ் நிலைத்திருத்தல் என்று பொருள். சோதனை வேளையில் அறையைவிட்டு அகலாமை, ஒவ்வொரு வேலைக்கும் அளவு குறித்துக்கொண்டு அதை முடிக்காமல் எழாமை, 42ஆம் திருப்பாடலில் உள்ளவாறு ஆன்மாவின் ஒரு பாதி மறுபாதியைத் தேற்றுதல் ஆகியவை அதன் பயிற்சிகள்.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரியார் தொகுத்த பட்டியலில் அகேடியா தன் பெயரை இழந்து துக்கத்துள் கரைந்தது. பிற்காலத்தில் திரும்பி வந்தபோது, மக்கள் வழக்கில் வெறும் சோம்பலாகக் குறுகிவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் மட்டும் பழைய ஆழத்தை மீட்டு, இறைவனிடமிருந்து வரும் நன்மையைக் குறித்தே வருந்தும் துயரம் என்று அதை வரையறுத்து, இறையன்பு தரும் மகிழ்ச்சிக்கு எதிராக அதை நிறுத்தினார். சில சோதனைகளை ஓடித் தப்பியே வெல்ல வேண்டும், இதையோ எதிர்நின்றே வெல்ல வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. ஆன்மீக நன்மைகளை எண்ண எண்ண அவை இனிக்கத் தொடங்கும் என்பது அதற்கு அவர் தந்த காரணம்.

நகரங்களிலிருந்து ஏழு நாள் நடைத் தொலைவில் வாழ்ந்த பவுல் என்னும் துறவியைப் பற்றிக் கசியான் எழுதியிருக்கிறார். பேரீச்சையும் சிறு தோட்டமும் அவருடைய உணவுக்குப் போதுமானவையாக இருந்தன. கைவேலையால் செய்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோனால், கிடைக்கும் விலையைவிடச் சுமைகூலியே மிகும். ஆயினும் அந்த வேலையை நம்பித்தான் பிழைப்பு என்பது போல, அவர் நாள்தோறும் ஓலை சேர்த்துத் தமக்கென்று அளவு வைத்து உழைத்தார். ஓராண்டு உழைப்பால் குகை நிறைந்ததும் அனைத்தையும் எரித்துவிட்டு மீண்டும் தொடங்கினார். ஞானோபதேச வகுப்பில் ஏழாம் புண்ணியத்தைக் கற்பிப்போர், சுறுசுறுப்பு என்று சொல்லி முடிக்கும் முன் பவுலின் குகையையும் சிறுவருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.