கூண்டு நின்ற பிறகு

நாற்பத்தைந்து வயதில் கல்லூரி வேலையை இழந்தவருக்கு முதல் வாரத்திலேயே வந்து குவிவது யோசனைகள். "படிச்சவரு சார் நீங்க, உங்களுக்கு எங்க போனாலும் வேலை" என்பார் எதிர்வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் கோர்ஸ் ஏதாவது சேரச் சொல்வார் மைத்துனர். ட்யூஷன் சென்டர் வைக்கலாமே என்பார் பழைய மாணவியின் அப்பா. எல்லோரும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் இனிமேல் ஆக வேண்டியது அத்தனையையும் அவரே செய்துகொள்ள வேண்டும், சொல்பவருக்கு அதில் வேலை ஏதும் இல்லை என்பது அந்த யோசனைகள் எல்லாவற்றிலும் அடங்கியிருக்கிறது.

கோலார் தங்கவயலில் இது புதிய பேச்சு இல்லை. 2001 மார்ச் 1 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடமும் ஊர் இதைத்தான் சொன்னது. கையில் தொழில் இருக்கிறது, பெங்களூர் பக்கத்தில்தான் இருக்கிறது, ரயில் இருக்கிறது, போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்றது. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த யோசனை என்ன ஆயிற்று என்பதைப் பார்த்த ஊர் இது. அதனால்தான் வேலை இழந்த பேராசிரியரைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இன்றைய கதை. கர்நாடகத்தின் அரசு முதல்நிலைக் கல்லூரிகள் நெடுங்காலமாக கெஸ்ட் லெக்சரர்களை நம்பித்தான் நடக்கின்றன. தமிழ்நாட்டில் கௌரவ விரிவுரையாளர் என்பார்களே, அவர்களேதான். 14,000 பேருக்கு மேல் அப்படிப் பாடம் நடத்திவந்தார்கள். மாதம் 11,000 ரூபாய், 13,000 ரூபாய். 2021 இறுதியில் அவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடினார்கள். 2022 ஜனவரியில் அரசு இறங்கிவந்து, தகுதியையும் அனுபவத்தையும் பொறுத்து 26,000 முதல் 32,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்தது. கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தது. வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் பாடம் எடுத்தவர் இனி பதினைந்து மணி நேரம் எடுக்க வேண்டும். வகுப்புகளோ கூடவில்லை. மூன்று பேர் பகிர்ந்துகொண்ட நேரம் இனி இரண்டு பேருக்கே போதும்.

நான் நினைத்துக்கொண்டிருப்பது அந்த மூன்றாமவரை. சம்பள உயர்வு நியாயமானது, வெகு தாமதமாக வந்தது. இரண்டு பேர் வீட்டில் அடுப்பு நன்றாக எரியத் தொடங்கியதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாமவர் அதே போராட்டத்தில், அதே பந்தலில் உட்கார்ந்திருந்தவர். வெற்றி வந்த அன்று அவருக்கு வேலை போயிற்று.

அவருக்கு என்ன வழிகள் இருக்கின்றன? தனியார் கல்லூரிகளில் கேட்டால், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்குக் கொடுக்கும் பணத்தில் புதிதாகப் படித்து வந்த இரண்டு இளைஞர்களை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் பார்ப்பார்கள். நிரந்தர உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது கே-செட் தேர்ச்சி வேண்டும், இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும். பதினைந்து ஆண்டு பாடம் நடத்தியவர், தன்னிடம் படித்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் தேர்வுக்கூடத்தில் போய் உட்கார வேண்டும். சிலர் பி.யு. கல்லூரிக்கு இறங்குகிறார்கள். சிலர் நீட் கோச்சிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பாடம் எடுக்கிறார்கள். சிலர் எல்ஐசி ஏஜென்ட் ஆகிறார்கள்.

ஒரு காலத்தில் எத்தியோப்பியா என்று இன்னொரு வழியும் இருந்தது. அங்கே புதிது புதிதாகப் பல்கலைக்கழகங்கள் திறந்தபோது தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆசிரியர்கள் கூட்டமாகப் போனார்கள். 2020 நவம்பரில் திக்ரே போர் தொடங்கியதும் மெக்கெல்லே போன்ற ஊர்களில் சிக்கிக்கொண்டார்கள். நடுவயதில் திரும்பிவந்தவர்களுக்கு இங்கே கொரோனாவும் காலி வகுப்பறைகளும் காத்திருந்தன. தமிழ்நாட்டின் தனியார் பொறியியல் கல்லூரிகளில் பலருக்குச் சம்பளமே வராத நேரம் அது. அந்தக் கல்லூரிகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. சேரும் நாளிலேயே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக அலமாரியில் பூட்டிவிடுவார்கள். அப்படி வைத்திருக்கக் கூடாது என்று, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ எச்சரிக்க வேண்டிவந்தது. வேலையை விட்டு அனுப்பப்பட்டவர், தான் படித்ததற்கான சாட்சியைக் கேட்டுத் தான் வேலை பார்த்த வாசலிலேயே நிற்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. கல்லூரிக்குள் இருந்தவரை அந்த இருபது ஆண்டுகள் அவருடைய பலம். கேட்டைத் தாண்டியதும் அதே இருபது ஆண்டுகளை எல்லோரும் பாரமாகப் பார்க்கிறார்கள். மனிதர் மாறவில்லை. அவருக்குத் தெரிந்த இயற்பியலோ பொருளாதாரமோ ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. பிறகு எது மாறியது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் சுரங்கத்துக்குப் போகிறேன்.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் தொழிலாளர்களோடு இன்னொரு கூட்டமும் இறங்கியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயற்பியலாளர்கள். காஸ்மிக் கதிர்களின் இரைச்சலைப் பாறை வடிகட்டிவிடும் என்பதால் பி.வி. ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்திலேயே இங்கே அளவைகள் எடுத்தார். 1965-ல் எம்.ஜி.கே. மேனன் தலைமையில், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொள்ள, வளிமண்டல நியூட்ரினோ உண்டாக்கிய தடத்தை இங்கே பதிவுசெய்தார்கள். உலகில் முதன்முதலாகப் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு. 1980களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் இரும்பை அடுக்கிக் கருவி அமைத்தார்கள். அந்த இரும்பைக் கீழே இறக்கியது சுரங்கக் கூண்டு. உதவியது சுரங்கத் தொழிலாளரின் கை.

அந்தக் கூண்டில் ஒரே நேரத்தில் தோளோடு தோள் உரசி நின்ற இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குத் துகள் இயற்பியல் தெரியும். இன்னொருவருக்குப் பாறை தெரியும். மேலே இருக்கும் கல் நெரிந்தால் எந்தச் சத்தத்துக்கு நிற்கலாம், எந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும் என்று தெரியும். பாறை வெடித்துப் பலரைக் காவுகொண்ட சுரங்கம் அது. அந்த அறிவு அப்பன் கண்டதும் தான் கண்டதும் சேர்ந்து வந்தது. தங்கம் எடுப்பது கட்டுப்படியாகாமல் ஆழமான பகுதிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டபோது, 1990களின் தொடக்கத்தில் இயற்பியலாளர்கள் கருவிகளைக் கழற்றிக்கொண்டு மும்பை கொலாபாவுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. பாறை தெரிந்தவருக்குச் சுரங்கத்தைத் தவிர வேறு இடம் இல்லை. சுரங்கம் மூடியதும், அவர் விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் ஏதோ ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி வேலைக்கு நின்றார்.

இருவரில் யாருடைய அறிவு உயர்ந்தது என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. பாறையைப் பற்றிய அறிவுக்கு உலகில் தேவை இல்லாமலும் போய்விடவில்லை. அதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. சுரங்கத்தில் பாறை வெடிப்பை ஆராய்ந்தவர்களின் அனுபவத்தை அடித்தளமாக வைத்து 1988-ல் தங்கவயலில் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. சுரங்கம் மூடுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே யாரோ அதை யோசித்திருக்கிறார்கள். தங்கவயலின் ஆழத்தில் கற்றது பின்னாளில் நாடெங்கும் அணைக்கட்டுகளுக்கும் மலைச் சுரங்கப் பாதைகளுக்கும் நீர்மின் நிலையங்களுக்கும் போனது. அதே பாறை, அதே அறிவு. விஞ்ஞானிக்குத் தெரிந்ததற்கு ஒரு வீடு கட்டித் தந்தார்கள். மண்வெட்டி பிடித்தவருக்குத் தெரிந்ததற்குச் சிறப்புப் பணிமுடிவுத் தொகை என்று ஒரு பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

இதற்கு மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடனில் மூழ்கி, 2013-ல் தமிழ்நாடு அரசு அதை எடுத்துக்கொண்டபோது, ஆசிரியர்களும் ஊழியர்களும் தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பலரை மாநிலம் முழுவதும் அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். குடும்பம் சிதம்பரத்தில், வேலை எங்கோ. துன்பம்தான். இருந்தாலும் வகுப்பறை இருந்தது. அவர்கள் தங்கவயல்காரர்களைவிடத் திறமைசாலிகள் என்பதால் அது நடக்கவில்லை. ஏற்பதற்கு ஓர் அரசு உத்தரவு போட்டது, அவ்வளவுதான்.

இனி, இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி நடந்த ஒரு பழைய கதை. குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியவர்களில் ஒருவரான மாக்ஸ் போர்ன், 1933 ஏப்ரலில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்டார். யூதர் என்பதே காரணம். விலக்கப்பட்டவர்களின் பட்டியலைச் செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. கேம்பிரிட்ஜில் தற்காலிகமாக ஒரு பணி கிடைத்தது. நம் பாஷையில் சொன்னால் கெஸ்ட் லெக்சரர். 1935-ல் சி.வி. ராமன் அவரைப் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு அழைத்தார். சில மாதங்கள் பாடம் நடத்தினார். அவருக்கு நிரந்தரமாக ஒரு பேராசிரியர் பதவி தர வேண்டும் என்று ராமன் முன்மொழிந்தார். கூட்டத்தில் ஓர் ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்தே துரத்தப்பட்ட இரண்டாந்தர அந்நியர் நமக்கு வேண்டாம் என்ற பொருளில் பேசினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுததாகப் போர்னே பின்னர் எழுதியிருக்கிறார்.

மாக்ஸ் போர்ன் அழுதார் என்பதை வேலை இழந்த ஒவ்வொரு ஆசிரியருக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரைவிடத் தகுதி உள்ளவர் அந்த அறையில் ராமனைத் தவிர யார் இருந்திருக்க முடியும்? தகுதி அவரைக் காப்பாற்றவில்லை. தகுதி என்பது தானாக நடந்து போய் நாற்காலியில் உட்காராது. பிறகு எடின்பரோவில் பேராசிரியர் பதவி ஒன்று காலியானது, 1936-ல் அங்கே அழைத்தார்கள், 1953 வரை கற்பித்தார், மறு ஆண்டு நோபல் பரிசு வந்தது. இடையில் இருந்த மூன்று ஆண்டுகளில் அவரைத் தாங்கியது, வேலையில் இருந்த சக ஆசிரியர்களின் கை. பிரிட்டனில் அப்போது பெவரிட்ஜும் ரதர்ஃபோர்டும் முன்னின்று, வேலை இழந்த அறிஞர்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆசிரியர்கள் தம் சம்பளத்திலிருந்து ஒரு பங்கைக் கொடுத்தார்கள். பெங்களூரில் கதவைத் திறக்கப் பார்த்த ராமனோ அதற்கு விலை கொடுத்தார். அவர்மீது கிளம்பிய புகார்களில் போர்ன் விவகாரமும் சேர்ந்துகொள்ள, விசாரணைக் குழு வந்தது. 1937-ல் இயக்குநர் பதவியிலிருந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

ஆகவே, வேலை இழந்த பேராசிரியருக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்வியை நாம் இதுவரை தவறான ஆளிடம் கேட்டுவந்திருக்கிறோம். அவருடைய எதிர்காலம் அவருடைய பயோடேட்டாவில் இல்லை. இன்னும் வேலையில் இருக்கிறவர்களிடம் இருக்கிறது. மூன்றாமவரின் வாழ்க்கையில் அடுத்து நடக்கப்போவதில் பெரும்பகுதி மீதி இரண்டு பேர் கையில் இருக்கிறது.

இதைச் சொல்வதற்கு எடின்பரோவரை போயிருக்க வேண்டியதில்லை. தங்கவயலின் லைன் வீடுகளில், ஒற்றை அறையில் குடும்பம் நடத்தியவர்கள் இதைச் செய்துகாட்டினார்கள். தமிழ்ப் பௌத்த அறிஞர் அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்கள் அவருடைய 'தமிழன்' இதழைப் படித்தார்கள். 1914-ல் பண்டிதர் மறைந்தார். பின்னாளில் நின்றுபோன இதழை 1926-ல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து மீண்டும் நடத்தினார். இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. எந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் புலமைக்கு நாற்காலி போட்டுத் தராத காலம். சுரங்கத் தொழிலாளர்களின் கூலிக்காசுதான் அந்த அறிவுக்கு வாசலைத் திறந்து வைத்தது. இன்று அயோத்திதாசரைப் பற்றி ஆய்வுசெய்து பட்டம் வாங்குகிறவர்கள், தங்கவயல் அன்று ஏற்றுக் காத்ததைத்தான் படிக்கிறார்கள்.

அரசு காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். அதைக் கேட்பதை நிறுத்தக் கூடாது. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை துறைத் தலைவர் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. பட்டியலிலிருந்து பெயர் விழுந்த அன்றே அவரைக் கூப்பிட்டுப் பேசலாம். அவர் என்னென்ன பாடம், எத்தனை ஆண்டு நடத்தினார் என்று விவரமாக ஒரு கடிதம் எழுதி, கேட்காமலே கையெழுத்துப் போட்டுத் தரலாம். சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அலுவலகத்தோடு சண்டை போடலாம். நூலக அட்டையை ரத்து செய்யாமல் விடலாம். பாதியில் நிற்கும் பிஎச்.டி.க்கு வழிகாட்டியைத் தேடித் தரலாம், தேர்வுத்தாள் திருத்தும் பணிக்கு அவர் பெயரை எழுதலாம், பக்கத்து ஊர்க் கல்லூரி முதல்வருக்குப் போன் செய்து, "இவர் எங்க ஆளு சார், நல்லா நடத்துவாரு, ஒரு தடவ வகுப்பு எடுக்கச் சொல்லிப் பாருங்க" என்று சொல்லலாம்.